சுவரைவிட்டு ஓர் அடி

சென்னையில் ஒரு சுவரைக் குறுக்கு விசாரணை செய்த முதல் மனிதன் நான்தான். அந்த விசாரணையில், இறந்து ஐம்பத்திரண்டு நாள் ஆன என் மனைவி வேதவல்லி நேரில் வந்து சாட்சி சொன்னாள். அவள் சாட்சியால் நான் படுதோல்வி அடைந்தேன். தோற்ற சந்தோஷத்தில் எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

நம்ப வேண்டாம். என் பேச்சை அப்படியே நம்பியவர்கள் என்று இதுவரை யாரும் கிடையாது. நான் ஏகாம்பரம், துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். தொண்ணூறு அடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பேச ஆள் ஏது? இறங்கி வந்ததும் எட்டு மணி நேரப் பேச்சையும் சேர்த்துப் பேசுவேன். அந்த வேகத்தில் சங்கதி கொஞ்சம் ஊதிக்கொள்ளும். ஒருமுறை, கேப்டன் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே கொக்கி மாட்டி ஒரு கப்பலைத் தூக்கினேன். கல்யாணமான புதிதில் அது இரண்டு அங்குலம். மகள் பூங்கோதை பிறந்தபோது இரண்டு அடி. அவள் கல்யாணப் பந்தியில் நான் சொன்னபோது, தூக்கிய கப்பலுக்கு அடியில் ஒரு லாரி புகுந்து வெளியே வந்தது.

வேதவல்லி பக்கத்தில் இருக்கும்வரை இதில் ஆபத்து இல்லை. கேட்பவரைப் பார்த்து, “முக்கால்வாசி கழிச்சுக்குங்க. மிச்சம் கால்வாசி நெஜந்தான்” என்பாள். நாற்பத்து மூன்று வருடம் நான் ஊதினேன், அவள் கழித்தாள். குடும்பம் அப்படித்தான் நடந்தது.

இனி சுவருக்கு வருகிறேன்.

ராயபுரத்தில் தணிகைவேல் வீட்டு இரண்டாம் மாடிக்கு நாங்கள் பால் காய்ச்சிக் குடிபோனபோது, வாடகை வீடுகளில் அந்தப் பூச்சு வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. கம்பெனி அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. ஊர் வைத்த பெயர் காதுப்பூச்சு. தணிகைவேலுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். சுவரைத் தட்டிக் காட்டி, சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

“ஆணி அடிச்சா தெரியும் சார். சாஞ்சா தெரியும், ஈரம் பட்டா தெரியும். கட்டில் ஒட்டிக்கினு இருந்துச்சுன்னு வையி, படுத்திருக்கிற ஆளோட நாடித்துடிப்பு வரைக்கும் வாங்கி வச்சிக்கும். காலி பண்ற அன்னிக்கு மிஷின வச்சா, இன்ன தேதி, இன்ன நேரம், இவ்ளோ தேய்மானம்னு லிஸ்ட் வந்துரும். பஞ்சாயத்தே கெடயாது.”

“பேசறதையும் கேட்குமா?”

“கேட்கும். ஆனா எனக்குக் குடுக்காது. சட்டம் அப்டி. குரல் குடித்தனக்காரங்களுக்குச் சொந்தம், தேய்மானம் ஓனருக்குச் சொந்தம்.”

வேதவல்லி அந்தச் சுவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “இவரு பேசறத எல்லாம் உள்ள வாங்கி வச்சிச்சின்னா ஆறு மாசத்துல வெடிச்சிடும் தம்பி. பில்லு எங்க தலைல கட்டாத.”

பஞ்சாயத்து கிடையாது என்றாரே தவிர, ஊரே வேறு மாதிரி வாழப் பழகிவிட்டது. வாடகை வீடுகளில் பீரோ, கட்டில், ஷோகேஸ் எல்லாம் சுவரைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றன. புருஷன் பெண்டாட்டி சண்டையென்றால் மொட்டை மாடிக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு நடக்க வரும்போதே, “சாயாதே, சாயாதே” என்று சொல்லிக் கொடுத்தார்கள். வாடகை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். முதுகை நிமிர்த்தி, எதிலும் சாயாமல் உட்கார்ந்திருக்கும். இதில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. நானே பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அந்த ஓர் அடியை அளந்து காப்பாற்றியவள் வேதவல்லி. கோலம் போடுவதுபோல் சாக்பீஸால் தரையில் கோடே கிழித்திருந்தாள்.

அவளேதான் ஒருநாள் கோட்டைத் தாண்டச் சொன்னாள். ஈரல் கெட்டுப்போய், மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்ட பிறகு, உடம்பெல்லாம் காந்தல். ஃபேன் காற்று போதவில்லை.

“யோவ், கட்டில செவுத்தோட தள்ளேன். ஜில்லுன்னு இருக்கும்.”

தள்ளினேன். அவள் சட்டென்று திரும்பி, முதுகை முழுசாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அறுபத்தெட்டு வயதுக்காரி, பிறந்த குழந்தை மாதிரி. அன்றிலிருந்து கட்டில் சுவரோடுதான் கிடந்தது. படியில் தணிகைவேலின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் ஓர் அடி இழுத்துவிடுவேன். அவர் போனதும் திரும்பத் தள்ளுவேன். பயம்தான். பத்து மாத வாடகை அட்வான்ஸாக அவரிடம் இருந்தது. அதை வைத்துத்தான் அவளுக்கு அடுத்த வைத்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வைத்தியம் என்று ஒன்று இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கடைசி நாள் நடந்ததை நான் எல்லோரிடமும் சொன்னபடியே சொல்கிறேன். மதியம் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன், பாலத்தில் நெரிசல் என்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் கதையை எடுத்தேன். நாலு ஐம்பது லோக்கல் ரயில் கடந்துபோனது. அதற்குப் பிறகு, நான் கப்பலைத் தூக்கிய உயரத்தைக் கேட்டு அவள் சிரித்தாள். அப்புறம் தூங்கினாள். ஐந்தேகாலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கல்மண்டபம் சிக்னலில் நின்றபோது கூட இருந்த பையன் மாஸ்க்கை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள் என்பதை ஊரே நம்பியது. ஒருவரைத் தவிர. அந்த ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூங்கோதை என்னை ஓசூருக்கு வரச் சொன்னாள். வீட்டைக் காலி செய்தேன். தணிகைவேல் மிஷினை வைத்துப் பார்த்து, அட்வான்ஸில் கழிப்பதற்கான லிஸ்ட் அனுப்பினார். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை. அது ஊர் வழக்கம், சண்டை இல்லை. அதற்குக் கீழே ஒரு வரி: அடைப்பு, ஆறு மாதம்.

நேராகத் தணிகைவேல் வீட்டுப் படியேறிப் போனேன்.

“இன்னாய்யா இது அடைப்பு?”

“கோச்சிக்காதீங்க சார்.” தணிகைவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அக்கா போனது அவிட்ட நட்சத்திரத்துல. அவிட்டத்துல போனா அந்த ரூம ஆறு மாசம் அடைச்சி வைக்கணும். உங்களுக்குத் தெரியாததா? ஒரு ரூமு பூட்டிக்கெடக்கிற வீட்டுக்கு எவன் சார் குடி வருவான்?”

“அவ உன் ரூமுலயா போனா? ஆம்புலன்ஸ்ல போனா, கல்மண்டபம் சிக்னல்ல. அந்த சிக்னல அடை. ஆறு மாசம். டிராபிக் போலீஸ்ல சொல்லிட்டு அடை.”

“சார், மிஷின் வேற மாதிரி சொல்லுது.” போனைத் திருப்பிக் காட்டினார். “கட்டில் பக்கத்துச் செவுரு. நாலு பத்துக்கு நாடி நின்னுருக்குது. அதுக்கு மேல ஒரு துடிப்பு கெடயாது.”

“நாலு அம்பதுக்கு ரயிலு போச்சு! அதுக்கப்புறம் சிரிச்சா! சிரிச்ச சிரிப்புல ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு!”

தணிகைவேல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மறுத்துப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தெருவில் இறங்கி நடந்தபோதுதான் எனக்குக் குளிர் எடுத்தது. ஜன்னல் கண்ணாடி எப்போது அதிர்ந்தது? பிணத்தை வைத்திருந்தபோது முதலில் வந்த ஆளிடம், “சிரிச்ச மாதிரி இருந்திச்சி” என்றேன். பால் தெளிக்கும் அன்று, “சிரிச்சா” ஆகிவிட்டது. எட்டாம் நாள் வாய்விட்டுச் சிரித்தாள். பதினாறாம் நாள் கண்ணாடி. ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தேன். அடியில் என்ன மிச்சம் என்று தெரியவில்லை. சிரித்தாளா? உதடு கோணியதா? நாலு பத்துக்கே போய்விட்டவளிடம் நான் ஒரு மணி நேரம் கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்தேனா? இதைக் கழித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் போய்விட்டாள்.

பதினைந்து நாளில் சுவரைச் சுத்தப்படுத்திப் புதுப் பூச்சு பூசிவிடுவார்கள். கழிவை எதிர்த்து மனுக் கொடுத்தால் தீரும்வரை சுவரைத் தொடக் கூடாது. வாடகை மன்றத்தில் மனுக் கொடுத்தேன்.

“அந்தக் காசு போனாப் போவுது விடுப்பா” என்று பூங்கோதை போனில் அழுதாள். “அம்மா பேர்ல ஏம்ப்பா சண்டை?”

“விடமாட்டேன்மா” என்றேன். வேறு எதைச் சொல்வது?

மன்றத்திலிருந்து மெஹருன்னிசா என்ற அதிகாரி ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். இட்லித் தட்டு அளவுக்கு ஒரு கருவியைப் பையிலிருந்து எடுத்தாள். காலி அறையில் தணிகைவேலையும் சேர்த்து நாங்கள் மூவரும் நின்றோம். தரையில் வேதவல்லி கிழித்த சாக்பீஸ் கோடு பாதி அழிந்து கிடந்தது.

“ஓனர் பார்த்தது மேலோட்டமான பதிவு” என்றாள் மெஹருன்னிசா. “நாடி, அழுத்தம், சூடு. அது தொட்டாத்தான் வரும். குரல் ஆழத்துல இருக்கு, அது காத்து வழியாவும் வந்திருக்கும். நீங்க சம்மதிச்சா நான் அதைப் படிக்கலாம். ஆனா ஒரே தடவைதான் சார்.”

“அப்டின்னா?”

“படிக்கப் படிக்க அழிஞ்சிக்கிட்டே வரும். இந்தப் பூச்சோட குணம் அது. வேற எதுலயும் பதியவும் கூடாது, குத்தம். போன எல்லாரும் வெளிய வச்சிடுங்க. நாம மூணு பேரு கேட்கறதுதான். நான் கேட்டத எழுதிக்குவேன்.” கருவியைச் சுவரில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். “வேணாம்னா விட்டுடலாம். அந்தக் குரல் உள்ளயே இருக்கும், ஓனர் பூச்சு மாத்தற வரைக்கும்.”

தொண்ணூறு அடி உயரத்தில் எனக்கு ஒருநாளும் தலை சுற்றியதில்லை. அந்தத் தரையில் சுற்றியது. கேட்காமல் விட்டால், சிரித்தாள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். கண்ணாடியோடு ஊரையே அதிர வைக்கலாம்.

“நாலு மணியிலேருந்து போடும்மா” என்றேன்.

கருவியைச் சுவரில் அழுத்தினாள். முதலில் காற்று. பிறகு ஃபேன் கிறீச்சிடுவது. அதற்கும் பின்னால், சீரில்லாமல் இழுத்து இழுத்து ஒரு மூச்சு. எங்கிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உடனே என் குரல், குசுகுசுவென்று: “வேதா, கொஞ்சம் பொறு. தணிகைவேலு வரான். கட்டில நவுத்திடறேன்.”

கட்டில் கால் தரையில் உரசும் சத்தம். கூடவே வலி தாங்காமல் அவள் முனகியது. பிறகு கதவு, தணிகைவேலின் குரல்: “சார், மோட்டர் காசு… அக்கா எப்டி கீறாங்க?”

“தூங்கறா.”

“சரி சார், அப்பறமா வரேன்.”

மெஹருன்னிசா கருவியில் நேரத்தைப் பார்த்தாள். “நாலு பத்து.”

நாடி நிற்கவில்லை. கட்டில்தான் சுவரைவிட்டுப் போயிருந்தது. ஓர் அடி.

தணிகைவேல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்காகவா சார் இழுத்தீங்க?” என்றார். “அந்த நேரத்துல… நானு வந்தேன்னா?”

“பழக்கம்ப்பா. உன் செருப்புச் சத்தம் கேட்டா கை தானா இழுக்கும்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். செவுரு கெட்டா பூசிக்கலாம்.”

அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது. அவர் போன பிறகு கட்டிலைத் திரும்பத் தள்ளினேனா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை. கதையை ஆரம்பித்துவிட்டிருந்தேன். ஜில்லென்று ஒரு முதுகுச் சுகம், அதைக்கூடக் கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தேன்.

சுவரில் என் குரல் கப்பலைத் தூக்கியது. இரண்டு அடி. பத்து அடி. லாரி போனது. ரயில் கடகடவென்று போனது, அறை முழுக்க அதன் சத்தம். ரயில் போன அமைதியில் என் குரல் இன்னும் மேலே ஏறியது: “லைட் ஹவுஸ் உச்சிக்குத் தூக்கிட்டேன் வேதா. காக்கா கப்பலுக்குக் கீழ பறக்குது.”

மெஹருன்னிசா விரலைத் தூக்கி எங்களை அசையாமல் நிற்கச் சொன்னாள்.

மூச்சு ஒருமுறை தடைபட்டது. மூக்கின் வழியாக, சின்னதாக, “ம்க்கும்” என்று ஒன்று வெளியே வந்தது. கண்ணாடி என்ன, அதில் ஒரு கொசுகூட அதிர்ந்திருக்காது. ஆனால் நாற்பத்து மூன்று வருடம் நான் கேட்ட சிரிப்பு அது. அதன் பின்னாலேயே, காற்றோடு காற்றாக நாலு வார்த்தை. அவை எனக்கு ஞாபகமே இல்லை. என் பேச்சுச் சத்தத்தில் நான் கேட்கவே இல்லை.

“யோவ்… எறக்கி வை. உள்ள ஆளு தூங்கறான்.”

மெஹருன்னிசா எழுதினாள். “நாலு ஐம்பத்தொண்ணு.” பேனாவை மூடினாள். “உங்க கட்சி நிரூபணம் ஆகுது சார். நிறுத்திடட்டுமா?”

“இன்னும் கொஞ்சம்.”

இழுத்த மூச்சு இன்னும் சில முறை வந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. ஃபேன் கிறீச்சிட்டது. என் குரல் மட்டும் நிற்கவில்லை. கேப்டன் விழித்துக்கொண்டான். கப்பலிலிருந்து கீழே எட்டிப் பார்த்தான். என் கிரேனுக்குச் சல்யூட் அடித்தான். நான் ஒவ்வொரு வரிக்கும், “கேட்கறியா வேதா?” என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போனேன். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம்.

“மேடம், போதும்” என்றார் தணிகைவேல். “நிறுத்துங்க மேடம். போதும்.”

மெஹருன்னிசா கருவியை எடுத்தாள். நான் அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான், வெறும் சுவர்.

“நாலு ஐம்பத்து மூணுக்கு மூச்சு நின்னிருக்கு” என்று மெதுவாகச் சொன்னாள். “இந்த அறையிலதான். ஆஸ்பத்திரி சர்டிபிகேட்ல வேற நேரம் இருக்கு. நான் ரெண்டையும் எழுதணும் சார். எழுதினா…”

“எழுதினா அவிட்டம், அடைப்பு, ஆறு மாசம்” என்றேன்.

“வேணாம் சார்” என்று தணிகைவேல் குறுக்கே வந்தார். “அந்த வரிய நானே அடிச்சிடறேன். எனக்கு ஒண்ணும் வேணாம். முழு அட்வான்ஸும் திருப்பிக் குடுத்துடறேன். வெள்ளையடிக்கக் கூட வேணாம்.”

“அடிக்காதய்யா!” என் சத்தத்தில் மெஹருன்னிசா திடுக்கிட்டாள். “இத்தினி நாளா அவ நடுரோட்டுல, சிக்னல்ல, முன்னப்பின்ன தெரியாத பையன் கையில போனான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவ வீட்டுல போயிருக்கா. என் கையப் புடிச்சிக்கினு, என்ன நக்கல் பண்ணிட்டுப் போயிருக்கா. கழிச்சிக்கோ. ஆறு மாசமும் கழிச்சிக்கோ. ரூமப் பூட்டு.”

அவரை இழுத்துக் கட்டிக்கொண்டேன். ஐம்பது வயது ஆள், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “அக்கா… அக்கா…” என்றார்.

மெஹருன்னிசா படிவத்தை நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில், சுவர்ப் பதிவில் கேட்டவற்றை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகப் படித்தாள். நாலு பத்துக்குக் கட்டில் நகர்த்தப்பட்டது. ஒப்புக்கொண்டோம். நாலு ஐம்பத்து மூன்றுக்கு மூச்சு நின்றது. ஒப்புக்கொண்டோம்.

“நாலு ஐம்பத்தொண்ணுக்குச் சிரிப்பு. இதுல உங்களுக்கு ஆட்சேபம் இருந்துச்சில்ல சார்?” என்று தணிகைவேலைக் கேட்டாள். “இப்போ ஒத்துக்கறீங்களா?”

“எனக்கா?” தணிகைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாடிதான் மேடம் மிஷினப் பாத்துச் சொன்னேன். சிரிச்சாங்கன்னு சார் சொன்ன அன்னிக்கே நம்பிட்டேன். முக்கால்வாசி கழிச்சி. மிச்சம் கால்வாசி நெஜமா இருக்கும்னு அக்காதான சொல்லி வச்சிருக்காங்க.”

பூங்கோதை நம்பினாள். பால் தெளிக்க வந்தவர்கள் நம்பினார்கள். காசிமேட்டு மீன்காரம்மா வரை நம்பினார்கள். படிவத்தில் அந்த வரி மட்டும் நிரப்பாமல் கிடந்தது.

பேனாவை வாங்கி, “சந்தேகப்பட்டவன் நான். சிரித்தாள்” என்று எழுதி, ஏகாம்பரம் என்று கையெழுத்துப் போட்டேன்.